மெட்ராஸ் ஹெரால்டும் ஒரு தேய்ந்த செயினும்

டைமிங் செயின் என்றதும் நம்ம ஊர்ல பலருக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஹீரோ ஹோண்டாதான். காலையில ஸ்டார்ட் பண்ணினா எஞ்சினுக்குள்ளேர்ந்து 'கறகற'ன்னு ஒரு சத்தம். "செயின் சத்தம் சார், மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். பழைய கார்களிலும் இதே செயின் உண்டு. ஆனா அது ஃபேன் பெல்ட்டுக்குப் பின்னால, ஒரு தகர மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதனால இருபது வருஷம் கார் வச்சிருந்தவங்களே அதைக் கண்ணால பார்த்திருக்க மாட்டாங்க.

இந்தப் பதிவு அந்த மூடிக்குள்ள இருக்கிற சமாச்சாரம் பத்தி. அதுவும் நம்ம மெட்ராஸிலேயே செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோட மூடி. தகர மூடிக்குள்ள என்ன பெரிய சரித்திரம்னு கேட்பீங்க. எனக்கென்னவோ, ஒரு கம்பெனி எங்கே காசைப் பிடிச்சது, எங்கே தாராளமா இருந்ததுங்கிறது அதைத் திறந்து பார்த்தா ஆண்டறிக்கையைவிடத் தெளிவாத் தெரியுதுன்னு தோணுது.

முதல்ல செயினோட வேலை. கீழே கிராங்க்ஷாஃப்ட் பிஸ்டன்களோடு சுத்துது. பக்கத்துல கேம்ஷாஃப்ட். அதுதான் வால்வுகளைத் திறந்து மூட வைக்குது. கிராங்க் இரண்டு சுற்று சுத்தினா கேம் சரியா ஒரு சுற்று சுத்தணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆரம்பகாலக் கார்கள்ல இதைப் பல்சக்கரங்களே செய்தன. நம்பகமானவைதான், ஆனா ஊளையிடும். சத்தமில்லாம வேணும்னு ஆசைப்பட்டப்போதான் செயின் உள்ளே வந்தது.

அந்தச் செயினுக்குப் பின்னால ஒரு ஸ்விஸ்காரர் இருக்கார். ஹான்ஸ் ரெனால்ட், ஆராவ் என்ற ஊர்ல 1852ல் பிறந்தவர். இங்கிலாந்துக்கு வந்து, 1879ல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரோட சின்ன செயின் தொழிலை வாங்கினார். துணி ஆலைகளுக்குச் செயின் செய்த இடம் அது. அப்போதைய செயின்ல ஒவ்வொரு மூட்டுலயும் பாரம் முழுக்க மெல்லிய தட்டுகளோட ஓட்டை விளிம்புல விழும், சீக்கிரம் அறுத்துக்கும். ரெனால்ட் ஆணிக்கு மேல ஒரு குழல் (புஷ் என்கிறோமே, அது), குழலுக்கு மேல ஒரு ரோலர்னு வச்சார். பாரம் முழு அகலத்துக்கும் பரவிடுச்சு. 1880ல் காப்புரிமை எடுத்த இந்த அமைப்புதான் இன்னிக்கு உங்க சைக்கிளில் இருப்பதும். சைக்கிள் மோகம் பிடிச்ச அந்த நேரத்துல அவருக்கு வியாபாரம் எப்படி ஓடியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சரி பண்ணிடலாம். "செயின் நீண்டு போச்சு"ன்னு சொல்றோம். தட்டுகள் ரப்பர் மாதிரி நீள்றதில்லை. ஒவ்வொரு மூட்டுலயும் ஆணியும் குழலும் ஒண்ணையொண்ணு தேய்க்குது. அறுபது கண்ணி உள்ள ஒரு செயினில் மூட்டுக்கு 0.05 மிமீ தேய்ஞ்சா மொத்தம் 3 மிமீ வந்துடும். 0.05 மிமீங்கிறது ஒரு தலைமுடி கனத்தைவிடக் கம்மி. அழுக்கு ஆயில்ல ஓடற எஞ்சினுக்கு அந்த அளவு தேய்மானம் ஒண்ணும் பெரிய விஷயமில்ல.

சரி, ஹெரால்டுக்கு வருவோம்.

ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துக் கம்பெனி. கடிகாரம், தையல் மெஷின், சைக்கிள்னு வரிசையா தொழில் மாறி மோட்டாருக்கு வந்த ஊர் அது. போருக்குப் பிறகு ஒரு சின்ன கார் வேணும்னு 1953ல் ஸ்டாண்டர்டு எய்ட் வந்தது. எப்பேர்ப்பட்ட சிக்கனம் தெரியுமா? டிக்கிக்கு வெளியேர்ந்து திறக்க மூடியே கிடையாது. பின் சீட்டை மடிச்சு உள்பக்கமாத்தான் பெட்டியை வைக்கணும். கண்ணாடி இறங்காது, பக்கவாட்டில் நகரும். அதுக்காகப் புதுசா செஞ்ச எஞ்சின் 803 சி.சி. போட்டிக் கம்பெனி ஆஸ்டினோட ஏ-சீரிஸ் எஞ்சினும் அப்போ அதே 803 சி.சி.தான், சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும்கூட அதே 58, 76 மிமீ. (யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு கேட்காதீங்க :-)) அடுத்த வருஷமே 948 சி.சி.யாகப் பெரிசாக்கி ஸ்டாண்டர்டு டென் காரில் வச்சாங்க. இந்த 948தான் பின்னால மெட்ராஸ் வந்து சேர்ந்தது.

இந்த எஞ்சினோட டைமிங் மூடியைத் திறந்தா அந்தச் சிக்கனம் அங்கேயும் தெரியும். செயின் ஒற்றை வரிசை, கண்ணிக்குக் கண்ணி 3/8 அங்குலம். நம்ம அம்பாசடருக்கு வந்த பி.எம்.சி. 1489 சி.சி. எஞ்சினில் இரட்டை வரிசைச் செயின். ஹெரால்டில் அதுல பாதி. தொய்வை எடுக்க ஒரு டென்ஷனர் வேணுமே, அதுக்கும் ஆயில் அழுத்தத்தில் தள்ளும் பிஸ்டன் கிஸ்டன் எதுவும் கிடையாது. வில் மாதிரி வளைஞ்ச ஒரு எஃகுப் பட்டை, மூடியோட உள்பக்கத்தில் ஒரு ஆணியில மாட்டியிருக்கும். அது செயினை அமுக்கிக்கிட்டே நிக்கும், அவ்வளவுதான். எஃகு மேல எஃகு உரசினா? செயின் அந்தப் பட்டையில் ரெண்டு கோடு கோடா பள்ளம் தோண்டும். பள்ளம் ஆழமாக ஆக, அமுக்கறது குறையும்.

இதைக் குறைன்னு சட்டுனு சொல்லிட முடியாது. 35 குதிரைத்திறன் கொடுக்கிற எஞ்சின், சுலபமான புஷ் ராட் அமைப்பு, குட்டையான செயின். இங்கிலாந்துக்காரர் அந்தக் காரைச் சில வருஷம் ஓட்டிட்டு மாத்திடுவார், அதுக்குள்ள துரு வேற தின்னுடும். அந்த ஆயுளுக்கு அந்தச் செயின் போதும். இப்படிக் கணக்குப் போட்டவங்களுக்கு, இந்தக் கார் வேற ஒரு ஊர்ல முப்பது வருஷம் ஓடப்போகுதுன்னு எப்படித் தெரியும்?

அந்த வேற ஊர்தான் நம்ம ஊர்.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் மெட்ராஸில் தொடங்கின கம்பெனி. ஆலை வண்டலூர் பக்கத்துல பெருங்களத்தூர். வான்கார்டு முதல் சில ஸ்டாண்டர்டு கார்களுக்குப் பிறகு 1961ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பெயரில் 1959ல் வந்த கார் அது. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிகெலோட்டி. அந்தக் காலத்துக்குப் பழசாப் போயிருந்த தனிச் சேஸிஸ் முறையில்தான் செஞ்சாங்க. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி அடிச்சுக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டிக்காரனான பி.எம்.சி. வாங்கிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் வெல்டு பண்ண ஆளில்லாம, துண்டு துண்டா செஞ்சு சேஸிஸ் மேல போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி வடிவமைச்சாங்க. அங்கே அது வேற வழியில்லாம செஞ்ச ஏற்பாடு. பெட்டியில வந்த உதிரிகளைக் கோக்கிற நாடுகளுக்கோ அது பெரிய வசதியாப் போச்சு. முன்பக்க பானெட், மட்கார்டு எல்லாத்தோடயும் சேர்ந்து முழுசா முன்னாடி சாய்ஞ்சு திறக்கும். டயர் மேல உட்கார்ந்துகிட்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இன்னிக்கு எந்தக் காரிலயாவது அந்தச் சுகம் உண்டா?

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1961லேயே 1147 சி.சி. எஞ்சின் வந்துடுச்சு. மெட்ராஸ் ஹெரால்டு கடைசிவரை 948தான். 1960களின் கடைசியில் இந்தியாவுக்குன்னே நாலு கதவு வச்ச ஹெரால்டு வந்தது. அதுக்கும் அதே எஞ்சின். 1972ல் வந்த கெஸல் காருக்கும் அதே எஞ்சின். அதாவது டிக்கி மூடிக்குக்கூடக் காசு பார்த்த ஒரு குட்டிக் காருக்காக 1950களில் கணக்குப் போட்ட செயின், நாலு கதவு, குடும்பம், மேலே கேரியரில் கல்யாணச் சாமான்னு இழுத்துக்கிட்டு 1970கள் வரைக்கும் ஆலையிலிருந்து வெளியே வந்துக்கிட்டு இருந்தது.

வாங்கினவங்க சில வருஷத்தில் மாத்தினாங்களா? மாத்த எங்கே போக? நாட்டில் மொத்தமே மூணு கார் கம்பெனி. ஃபியட்டுக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டில் வெளிநாட்டு ஸ்பேர் வர்றதும் சிரமம். அதனால ஒரு ஹெரால்டு அப்பா, பையன், பையனோட மச்சான்னு கை மாறி ஓடிக்கிட்டே இருந்தது.

இங்கேதான் இந்தச் செயினோட குணம் தெரியணும். அது அறுந்து போய் நடுரோட்டில் நிறுத்தறது அபூர்வம். அது செய்யறது வேற. தேய்ஞ்சு நீண்ட செயினால கேம்ஷாஃப்ட் கொஞ்சம் பின்தங்கும். வால்வுகள் தாமதமாத் திறந்து தாமதமா மூடும். வண்டி ஓடும், ஆனா கீழ் வேகத்தில் இழுவை இருக்காது. திருப்பதி மலையில் ரெண்டாவது கியரில் ஏறின வண்டி முதல் கியர் கேட்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். பல வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால ஓட்டறவருக்குத் தெரியவே தெரியாது. "வயசாச்சு இல்லே வண்டிக்கு" என்பார்.

டிஸ்ட்ரிபியூட்டரையும் அதே கேம்ஷாஃப்ட்தான் சுத்துது. செயின் தேய்ஞ்சா தீப்பொறியும் தாமதமாகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி முன்னுக்குக் கொண்டுவர ரெண்டு நிமிஷம் போதும். உடனே வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாகிடும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனா வால்வு டைமிங்கை அப்படித் திருகிச் சரி பண்ண முடியாது. அது அப்படியே பின்தங்கிக் கிடக்கும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகுவாங்க. இப்படியே போய், ஒருநாள் திருக இடமே இல்லாம வந்து நிக்கும் வண்டிகள் இருந்திருக்கு.

சில வருஷம் முன்னாடி சென்னையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஹெரால்டுக்குச் செயின் மாத்துறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். மெக்கானிக்கை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவாங்க, எழுபதைத் தாண்டினவர். பழைய செயினைப் படுக்கவாட்டில் ரெண்டு விரலால் பிடிச்சுத் தூக்கினார். புதுசா இருந்தா கம்பி மாதிரி நேரா நிக்கணும். இது மாலை மாதிரி வளைஞ்சு தொங்கிச்சு. அப்புறம் மூடியைத் திருப்பி அந்த எஃகுப் பட்டையைக் காட்டினார். ரெண்டு பள்ளம், நகம் உள்ளே போற ஆழம்.

"செயினை மட்டும் மாத்திட்டு இதை விட்டுட்டா ஆறு மாசத்துல திரும்பச் சத்தம் வரும் தம்பி. அப்ப செயின் டூப்ளிகேட்டுனு என்னை வைவாங்க" என்றார்.

"இவ்வளவு சின்ன பட்டையைப் போய் வச்சிருக்காங்களே பாய்?"

"அதை விடுங்க. இங்க பாருங்க, நாலு ஓட்டை வச்சிருக்கான் பாருங்க. அவன் புத்திசாலி."

அவர் காட்டின இடத்துல நான் எதிர்பார்க்காத ஒரு தாராளம் இருந்தது. கேம் ஸ்ப்ராக்கெட்டை ரெண்டு போல்ட் கேம்ஷாஃப்ட்டோடு சேர்க்குது. ஆனா ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டைகள் நாலு, கால் வட்டத்துக்கு ஒண்ணா. மீதி ரெண்டு எதுக்கு? ஓட்டைகள் பல்லோட நடுவுக்கு நேரா இல்லாம வேணும்னே கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கு. அதனால ஸ்ப்ராக்கெட்டைக் கழட்டிக் கால் வட்டம் திருப்பி மாட்டினா, பற்கள் அரைப் பல் தள்ளி வந்து நிக்கும். தோசையைத் திருப்பற மாதிரி முன்பின்னாத் திருப்பி மாட்டினா கால் பல். ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா முக்கால் பல். எந்தத் தனிக் கருவியும் இல்லாம, இருக்கிற ஒரே சக்கரத்தை வச்சு வால்வு டைமிங்கைக் கால் பல் நுணுக்கத்துக்கு வைக்கலாம். ரேஸ்காரங்க இன்னிக்குக் காசு கொடுத்து வாங்கற வெர்னியர் ஸ்ப்ராக்கெட் செய்யற வேலையில் பெரும்பகுதியை இந்தக் குட்டிக் கார் எஞ்சின் நாலு ஓட்டையில் முடிச்சிருக்கு.

சரியா இருக்கான்னு பார்க்கிற முறையும் அழகு. முதல் சிலிண்டரை மேலே, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில் நிறுத்தணும். அப்போ நாலாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடிக்கிட்டும் இன்னொண்ணு திறந்துகிட்டும் இருக்கும், அதாவது ஏழாவதும் எட்டாவதும். இந்த எஞ்சினோட கேம் ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அதனால அந்த நொடியில் ரெண்டு வால்வும் சமமா இருக்கணும். அந்த ரெண்டுக்கும் கிளியரன்ஸைத் தற்காலிகமா 40 தௌவுக்கு (சுமார் 1 மிமீ) கூட்டி வச்சுட்டு, ஃபீலர் கேஜ் ஒண்ணால ரெண்டையும் அளந்தா போதும். சமமா வந்தா டைமிங் சரி. வரலேன்னா ஸ்ப்ராக்கெட்டைக் கால் பல், அரைப் பல்னு மாத்தி மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். சக்கரத்தில் அடையாளக் கோடு அழிஞ்சு போயிருந்தாலும், புதுச் சக்கரத்தில் கோடே இல்லாட்டியும் கவலை இல்லை. ஆலையோட உதவி இல்லாம, ஒரு மரத்தடியில்கூட இதைச் செய்யலாம். அந்த ஆலை 1988ல் உற்பத்தியை நிறுத்தின பிறகும் மெட்ராஸ் ஹெரால்டுகள் ஓடினதில் இந்த நாலு ஓட்டைக்குப் பங்கு உண்டுன்னு நான் தைரியமாச் சொல்வேன்.

இதே குடும்பத்துக் கம்பெனி பின்னால சிக்கனத்தைத் தப்பான இடத்தில் காட்டினதும் நடந்தது. 1970ல் ட்ரையம்ஃப் ஸ்டாக் வந்தது, 2997 சி.சி. வி8. கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கே ஏறிட்டதால செயின் ரொம்ப நீளம். அங்கேயும் ஒற்றை வரிசைதான். 948 எஞ்சினில் செயின் சோம்பினா இழுவை மட்டும்தான் போகும். ஸ்டாக்கில் செயின் பல் தாண்டினா வால்வும் பிஸ்டனும் மோதும். சூடாகிற தொல்லையும் சேர்ந்து அந்தக் காரோட பெயரையே கெடுத்தது, 1977ல் நிறுத்திட்டாங்க.

உலகம் அதுக்குள்ள ரப்பர் பெல்ட்டுக்குப் போயிருந்தது. ஜெர்மனியில் கிளாஸ் கம்பெனி 1962லேயே பல் வச்ச பெல்ட்டைக் காரில் போட்டது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் 1983ல் வந்த மாருதி 800ல்தான் அதை அதிகமாப் பார்த்தாங்க. சத்தமில்லை, ஆயில் வேண்டாம், ஆனா கெடு தேதி உண்டு. அப்புறம் மறுபடி செயின் திரும்பி வந்துடுச்சு. மாருதியோட கே-சீரிஸ் எஞ்சின்களில் செயின்தான். 2007ல் வந்த பி.எம்.டபிள்யூ என்47 டீசலில் செயினை எஞ்சினுக்குப் பின்னால, கியர்பாக்ஸ் பக்கத்தில் வச்சாங்க. அதை மாத்தறதுன்னா என்ன பாடுன்னு அந்த வண்டி வச்சிருந்தவங்களைத்தான் கேட்கணும். ஹெரால்டில் ரேடியேட்டரை எடுத்தா செயின் கண்ணெதிரே.

அந்த வேலையையும் சொல்லிடறேன், ஹெரால்டு வச்சிருக்கிற யாராவது படிக்கலாம். மாத்தணுமான்னு முதல்ல பாருங்க. மூடியைக் கழட்டின பிறகு தொய்வா இருக்கிற பக்கத்தில் ஒரு நேர்ச் சட்டத்தை வச்சு, செயினை நடுவில் அமுக்கினா 10 மிமீக்கு மேல விலகினா மாத்த வேண்டியதுதான். கிராங்க் புல்லியைப் பிடிக்கிற, கைப்பிடி மாட்டி ஸ்டார்ட் பண்ற அந்தப் பெரிய நட்டுதான் முதல் தடை. நல்ல நீள ஸ்பானர் வேணும், சுத்தியலால் அடிச்சு முனையைக் கெடுக்காதீங்க. உள்ளே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால தட்டு மாதிரி ஒரு ஆயில் த்ரோயர் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால மெல்லிசா ஷிம் இருக்கலாம். ரெண்டு சக்கரமும் ஒரே தளத்தில் ஓடத்தான் அது, தொலைச்சுடாதீங்க. ரெண்டு சக்கரத்தையும் செயினோட சேர்த்தே வெளியே இழுக்கணும், சேர்த்தே உள்ளே தள்ளணும். மூடியைத் திரும்ப மாட்டும்போது அந்த எஃகுப் பட்டை குறுக்கே வந்து நிக்கும். வளைச்ச கம்பி ஒண்ணால அதைப் பின்னுக்குப் பிடிச்சுக்கிட்டு மூடியை உள்ளே விட்டுட்டு, கம்பியை உருவிடலாம். ஆயில் சீலைப் புதுசு போடுங்க. கீழே சம்ப்பை ஒட்டி இருக்கிற அலுமினியக் கட்டையில் மரை சுலபமாப் போயிடும், அங்கே பலத்தைக் காட்ட வேண்டாம்.

பொருள் கிடைக்குமா? இந்த எஞ்சின் குடும்பம் 1493 சி.சி. வரை வளர்ந்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் 1980 வரை ஓடினது. அங்கே அந்தக் காரைப் பராமரிக்கிறவங்க நிறைய. அதனால செயின், பட்டை, சீல் எல்லாம் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்குது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோடு பக்கத்திலும் தேடிப் பார்க்கலாம். செயின் செய்யறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 1960லேயே அமெரிக்கக் கூட்டோட டி.ஐ. டைமண்ட் செயின் சென்னையில் தொடங்கியாச்சு, கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ரோலான் செயினைத் தெரியாத பைக்காரர் கிடையாது. எங்கே வாங்கினாலும் பழைய செயினைக் கையோட கொண்டுபோய் ரெண்டையும் பக்கத்துல வச்சு, கண்ணியை ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்து வாங்குங்க.

மாத்தி முடிச்சதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஊர் சுத்தக் கிளம்பிடாதீங்க. தேய்ஞ்ச செயினுக்காக வருஷக்கணக்கில் முன்னுக்குத் திருகி வச்ச டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கு. புதுச் செயினோட அதை அப்படியே விட்டா தீப்பொறி ரொம்ப முன்னாடி விழுந்து, மேட்டுல ஏறும்போது எஞ்சின் 'டக டக'ன்னு தட்டும். இக்னிஷன் டைமிங்கை முதல்லேர்ந்து வைங்க. கூட்டி வச்ச அந்த ரெண்டு வால்வு கிளியரன்ஸையும் பழையபடி குறைச்சுடுங்க.